பதினேழு இன்ச்

இடவப்பாதிக்கு இன்னும் ஒன்பது நாள் என்றார்கள்.
செங்கோட்டை ரயில்வே கேட் தாண்டி
மசூது கடையில் என் காரைத் தூக்கி வைத்திருந்தார்கள்,
நான்கு காலும் தரையில் படாமல்.

கொச்சியில் ஒரு பல் டாக்டர் ஓட்டி விற்றது.
கருநீலம். இரண்டே கதவு.
பத்தொன்பது இன்ச் சக்கரம்;
அதன்மேல் ரப்பர் இருக்கிறதா என்று
குனிந்துதான் பார்க்க வேண்டும்,
தோசைக்கல் விளிம்பில் காய்ந்த மாவு மாதிரி.

இந்த ரோட்டுக்கு இந்த வண்டியா டாக்டர்?
புளியரை செக்போஸ்ட்டில் தமிழில் கேட்டார்கள்,
ஆரியங்காவு டீக்கடையில் மலையாளத்தில்.
என் அம்மா கேட்கவில்லை. ஏறவும் இல்லை.

போன வருஷம் ஆனி மாசம்
புனலூரிலிருந்து ராத்திரி போன்.
சிசேரியன், ரத்தம் நிற்கவில்லை, சீக்கிரம்.
பதின்மூன்று கண் பாலத்துக்குப் பக்கத்தில்
ரோட்டின்மேல் ஒரு விரல் தண்ணீர்.
ஸ்டியரிங் திடீரென்று கனமில்லாமல் போயிற்று.

எனக்கு அந்தக் கனமின்மை தெரியும்.
நரம்பில் மருந்தை ஏற்றிவிட்டு
ஒன்றிலிருந்து எண்ணுங்கள் என்பேன்.
ஐந்து, ஆறு என்று வரும் குரல்
ஏழில் கையை விட்டுவிடும்.
அப்படித்தான் விட்டது கார் ரோட்டை.
பிறகு தானாக நினைவு திரும்பி
கல்சுவருக்கு ஒரு சாண் முன்னால் பிடித்துக்கொண்டது.
அந்தப் பெண் பிரசீதா பிழைத்தாள்.
நான் யாரிடமும் சொல்லவில்லை.

மசூது கேட்லாக்கைப் புரட்டினார்.
ஒரு பக்கம் முழுக்கப் பனி; குளிர்கால டயர்.
இது நமக்கெதுக்கு என்று தாண்டினார்.
எங்கள் குளிர்காலம் மேற்கிலிருந்து
மலையேறி, சொட்டச்சொட்ட வரும்.
அதற்கென்று ஒரு பக்கம் அதில் இல்லை.

முதலில் காட்டியது அகலமானது.
சிறுத்தை மாதிரி நிக்கும் டாக்டர்.
நிற்கும், காய்ந்த ரோட்டில்.
தண்ணீரில் அகலம் என்றால் பரிசல்.

அடுத்தது பாதி விலை.
மண்டியிட்டுப் பக்கச்சுவரைப் படித்தேன்.
நான்கு எண்: 1119.
பத்தொன்பதாம் வருஷம், பதினோராம் வாரம்.
ஆம்பூலைத் திருப்பித்திருப்பித் தேதி பார்த்தே
இருபது வருஷம் சோறு தின்றவள் நான்.
மசூது வேறு பக்கம் பார்த்து
டீ சொல்லவா என்றார்.

பதினேழு இன்ச் போடுங்க என்றேன்.
கம்ப்ரஸர்கூட ஒரு நிமிஷம் நின்றது.
சின்ன சக்கரம், ஒல்லி டயர், உயரமான ரப்பர்.
காலிப்பர் இடிக்கும் என்றார். இடிக்கவில்லை,
கடைப்பையன் இசக்கிராஜின் சுண்டுவிரல் நுழைய
இடமிருந்தது.
வாய்க்காலில் ஒரு ரூபாய்க் காசைச் செருகிப் பார்த்தேன்.
காசைத் திரும்ப எடுக்க ஸ்க்ரூடிரைவர் கேட்டது.

கீழே இறக்கியபோது
கல்யாண வீட்டில் யாருடைய செருப்பையோ
மாட்டிக்கொண்டு வந்த மாதிரி நின்றது கார்.
அழகு போச்சுக்கா என்றான் இசக்கிராஜ்.
போச்சுதான்.
நிறுத்திவிட்டு நடக்கும்போது
திரும்பிப் பார்க்கவென்றே வாங்கிய வண்டி.
பெரிய சக்கரங்கள் கட்டிலுக்கடியில்,
பெட்ஷீட் சுற்றி, தை பிறக்கும்வரை.

மழை வரவில்லை.
ஒன்பது நாள், பதினாலு நாள், இருபது.
வெயிலில் மெத்தென்ற ரப்பர்
ஒவ்வொரு வளைவிலும் முனகியது.
மசூது போன் போட்டு
மழையைப் பற்றி விசாரிப்பார்,
அவர் தர வேண்டிய பாக்கி மாதிரி.

நேற்று ராத்திரி ஒன்றே முக்கால். மறுபடி புனலூர்.
எஸ் வளைவில் தார்ப்பாய் அவிழ்ந்த காலி லாரி,
உள்ளே நாலு வைக்கோல், ஒரு ஆள் தூக்கத்தில்.
கோட்டைவாசல் தாண்டியதும்
வானம் பாஷை மாற்றி ஊற்றியது.
பாலத்துக்குப் பக்கத்தில் அதே பள்ளம்,
அதே ஒரு விரல்.

சத்தமாக எண்ணினேன்.
அடியில் வாய்க்கால்கள்
தண்ணீரைக் குடித்துப் பின்னால் துப்பும் ஓசை.
ஐந்து. ஆறு. ஏழு.
எட்டு.
ஸ்டியரிங் கையில் கனத்தது,
தூக்கத்திலிருந்து எழுப்பிய குழந்தை மாதிரி கனம்.

தென்மலை வந்தபோது
முந்நூற்றுப் பத்தில் இருந்தேன்.
நிறுத்த மறந்திருந்தேன்.